ஆண்டகை எழுதிய ஒரே சமாதானம்

பூசையில் ஒரு இடம் வரும். "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம்" என்பார் சுவாமி. உடனே கோயில் முழுக்க ஒரே சலசலப்பு. முன் வாங்கில் இருக்கிறவர் திரும்புவார், பின் வாங்கில் இருக்கிறவர் எட்டுவார். கை கொடுப்பார்கள், கும்பிடுவார்கள். முதல்நாள் ரெலிபோனில் நாறநாறப் பேசிக்கொண்டவர்கள்கூடப் பல்லைக் காட்டுவார்கள். அந்த ஒரு நிமிடமும் ஆண்டகை தன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு பீடத்தைப் பார்த்தபடி நிற்பார். புதிதாக வந்த யாராவது தெரியாமல் கையை நீட்டினால், அந்தக் கையைப் பழுதாய்ப்போன மீனைப் பார்க்கிறது மாதிரிப் பார்ப்பார். நீட்டியவர் கையை இழுத்து, பக்கத்தில் நிற்கிற தன் பிள்ளையின் தலையைத் தடவிச் சமாளிப்பார்.

எங்கள் ஆட்கள் மேற்றிராணியாரை, மறைமாவட்ட ஆயரை, மரியாதையாக ஆண்டகை என்பார்கள். இவர் மேற்றிராணியாரும் இல்லை, சுவாமியாரும் இல்லை. மட்டக்களப்பில் குருமடத்தில் ஏழு வருடம் படித்தவர். குருப்பட்டத்துக்கு ஒரு வருடம் இருக்கும்போது, சாப்பாட்டு மேசையில் அதிபரின் முகத்தில் கறிச்சட்டியால் அடித்துவிட்டு வெளியே வந்தவர். ஏன் அடித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "மன்னிப்புக் கேட்டா இருக்கலாம் எண்டாங்க. நான் கேக்கல்ல" என்றார். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை. ஆனால் அவருக்குக் கதையில் முக்கியமான இடம் அதுதான்.

பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர் நகரத்தில், கார்ட்டியர்வில் பக்கம் ஒரு மூன்று மாடிச் செங்கல் கட்டடம். நிலக்கீழ் அறையில் அவர். இரண்டாம் மாடியில் நானும் என் புருஷனும். குப்பை கட்டுவது, குழாய் திருத்துவது, குளிர்காலத்தில் வாசல் படியில் உறைந்த ஐஸ் உடைப்பது எல்லாம் அவர்தான். பகலில் சென்ட் லோரன்டில் மருந்து அடைக்கிற பக்டரியில் லொறிக்குச் சாமான் ஏற்றுவார். நானும் அதே பக்டரிதான், மருந்துப் பெட்டிக்குள் துண்டுக்காகிதம் மடித்து வைக்கிற வரிசையில். ஒரே பஸ்ஸில் போய் வருவோம். என் புருஷன் வேறு இடத்தில் வேலை செய்தான். செய்தான் என்றுதான் எழுதுவேன். அவனுக்கு மரியாதை போட எனக்குக் கை வராது.

பஸ்ஸில் ஆண்டகை கதைப்பது ஒரே ஒரு மனிதரைப் பற்றித்தான். கோயில் மண்டபத்தில் பழைய சாமான் விற்ற ஒரு சனிக்கிழமை, அட்டை கிழிந்த பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று அவர் கையில் அகப்பட்டிருக்கிறது. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு இத்தாலிய மேற்றிராணியாரின் சரித்திரம். அட்டையோடு முதல் பக்கங்களும் போய்விட்டதால் அந்த ஆளின் முழுப்பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஆண்டகை அவரைப் 'பெரியவர்' என்பார். அகராதியை வைத்துக்கொண்டு ஆறு வருடம் அந்தப் புத்தகத்தைப் படித்தார். அவர் பிரெஞ்சு பழகியதே அதில்தான். அதனால் முக்குக் கடையில், அந்த டெப்பனரில், ஒரு பால் பெட்டி வாங்கப் போனாலும் அரசவையில் நிற்கிற ஆள் மாதிரித்தான் பேசுவார். கடைக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் சிகரெட் அடுக்கும் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பெரியவர் கடலோரத்து மலைநகரம் ஒன்றுக்கு மேற்றிராணியார். வயது போன காலத்தில் பாப்பரசர் அவரைத் தன் தூதராக வடக்கே ஒரு தீவுக்கு அனுப்பினார். அங்கே கத்தோலிக்கர்கள் வேறு மதத்து அரசனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தூதர் என்றால் வெறுங்கையோடு போகவில்லை. துவக்கு, வாள், வெடிமருந்துப் பீப்பாய் எல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். எதிரிக் கப்பல் துரத்தத் துரத்தத் தப்பிப்போய், கரையில் ஒரு ஆட்டுக்கொட்டிலில் முதல் பூசை வைத்தார். இந்த இடம் வரும்போது ஆண்டகையின் குரல் உயரும். முன் இருக்கைகளில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தத் தீவின் பிரபுக்களுக்குச் சண்டை அலுத்துவிட்டது. எதிரிகளில் ஒரு பகுதியோடு யுத்தநிறுத்தம் எழுதினார்கள். பெரியவர் சம்மதிக்கவில்லை. எழுதியவன், கையெழுத்து வைத்தவன், வாசித்துத் தலையாட்டியவன் எல்லாரையும் திருச்சபையிலிருந்து விலக்கிவிட்டேன் என்று கோயில் கதவுகளில் ஒட்டுவித்தார். படை இரண்டாகப் பிளந்தது. ஒரே செபம் சொல்கிறவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள்.

"மறுகா, பிறகு என்ன?" என்று கேட்டேன்.

"மறுகா என்ன, எதிரி வந்து ரெண்டு பக்கத்தையும் அறுத்தான். ஊர் ஊரா அறுத்தான். கோயிலுக்குள்ள ஓடினவளையும் விடல்ல. பெரியவர் கப்பலேறித் திரும்பிட்டார்."

"அப்ப அந்த ஆள்தானே பிழை?"

ஓடுகிற பஸ்ஸில் எழும்பி நின்றுவிட்டார். "கையெழுத்து வைச்சவன் பிழை! பாப்பரசரும் உன்னைப்போலதான் புள்ள ஏசினார், அவசரப்பட்டிட்டாய் எண்டு. பெரியவர் வாய் திறக்கல்ல. தன்ட மாளிகைச் சுவர் முழுக்க அந்தச் சண்டையளப் படமாக் கீறுவிச்சுப்போட்டு, அதுக்குக் கீழ கட்டில் போட்டுக் கிடந்து செத்தார். மன்னிப்புக் கேட்டுச் சாகல்ல."

ஊரில் அப்போது யுத்தநிறுத்தம் இருந்த காலம். பக்டரிச் சாப்பாட்டு அறையில் எங்கள் ஆட்கள் அதைப் பற்றிச் சந்தோசமாகக் கதைக்கத் தொடங்கினால், ஆண்டகை சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிப்போவார். குளிரில் லொறிக்குப் பக்கத்தில் நின்று சாப்பிடுவார்.

விலக்குகிற பழக்கம் அவருக்கும் தொற்றிவிட்டது. மூன்றாம் மாடியில் ஒரு தடியன் இருந்தான். மற்றவர்களின் உடுப்பை ஈரத்தோடு எடுத்து நிலத்தில் போட்டுவிட்டுத் தன்னுடையதைத் துவைப்பான். ஆண்டகை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் சலவை அறைக் கதவில் ஒரு காகிதம். மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். 'மூன்றாம் மாடி மனிதர் இன்று முதல் இக்கட்டடத்தின் சலவை இயந்திரங்களிலிருந்து விலக்கப்பட்டுள்ளார். அவருக்கு இடம் கொடுப்போரும் விலக்கப்படுவர்.' தமிழ் யாருக்காக என்று கேட்டேன். "உன்ட புருஷனுக்கு" என்றார்.

தடியன் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வந்தான். ஆண்டகை அவன் பிடரியைப் பிடித்து உலர்த்துகிற மெஷினின் கதவில் முகத்தை ஒரு அடி. பிறகு கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கதவால் ஒரு அடி. வெள்ளை மெஷின் முழுக்க இரத்தம். நான் உடுப்புக் கூடையோடு அப்படியே நின்றேன். வந்த பொலிஸ்காரர்களிடம் ஆண்டகை தன் புத்தகப் பிரெஞ்சில் நீண்ட விளக்கம் கொடுத்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். தடியனுக்கு வேறு வழக்குகள் இருந்ததோ என்னவோ, முறைப்பாடு கொடுக்காமல் அடுத்த மாதம் வீடு மாறிப் போய்விட்டான். நாங்கள் எல்லாரும் சந்தோசப்பட்டோம். நானும்தான். அந்த முகம் உடைந்த சத்தம் எனக்கு அன்றைக்கு இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆனால் அவர் தன் தமையனுக்குச் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. சண்டைக் காலத்தில் அந்த மனிதர் தன் வீட்டையும் குமர்ப்பிள்ளைகளையும் காப்பாற்ற ஆமிக்காரர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிச் சிரித்துப் பேசியிருக்கிறார். அதற்காக ஆண்டகை பதினாறு வருடம் தமையனோடு கதைக்கவில்லை. தமையன் ரொறொன்ரோவில் சாகக் கிடந்தபோது மகள்காரி எங்கள் வீட்டு நம்பருக்கு எடுத்து அழுதாள். நான் கீழே ஓடிப்போய்ச் சொன்னேன். "ஒரு சொல்லுக் கதைங்க ஆண்டகை. அவர் கேட்டுக்கொண்டு போகட்டும்." ஆண்டகை எழும்பி, ஐஸ் உடைக்கிற இரும்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நீளக் கம்பு, நுனியில் தட்டை இரும்பு. பகல் முழுக்க உடைத்தார். ஐஸ் முடிந்த பிறகும் உடைத்தார். கொங்கிறீற் படியின் மூலை பெயர்ந்து விழுந்தது. அன்று பின்னேரம் தமையன் செத்துப்போனார். அந்த மூலையை ஆண்டகை வசந்தத்தில் தானே சீமெந்து குழைத்துப் பூசினார்.

இப்போது என் விசயத்துக்கு வருகிறேன்.

என் புருஷன் ஏன் அடித்தான் என்று கேட்காதீர்கள். கறியில் உப்பு, பஸ் பிந்தியது, நான் சிரித்தது, நான் சிரிக்காதது. ஒருநாள் என் தலைமயிரைப் பிடித்து முகத்தைச் சூடான அடுப்புத் தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் வைத்துக்கொண்டு, "கேப்பியா, கேப்பியா" என்றான். என்ன கேட்க வேண்டும் என்று அவனுக்கும் தெரியாது. புருவம் கருகிய மணம் இன்றைக்கும் எனக்கு மூக்கில் வரும். மறுநாள் வேலைக்குப் போகிற மாதிரிப் போய், பக்டரியில் ஒரு ஹெயிட்டிக்காரியின் உதவியோடு பெண்கள் தங்குமிடம் ஒன்றில் சேர்ந்தேன்.

மூன்று வாரம் நிம்மதியாக நித்திரை கொண்டேன். பிறகு றெஜினா அக்கா வந்தார். எங்கள் கோயில் செபக்கூட்டத்தை நடத்துகிறவர், யாழ்ப்பாணத்து அக்கா, நல்ல மனுசி. பக்டரி வாசலில் சாப்பாட்டு நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, அவர் பீடத்துக்கு முன்னால முழங்காலில நிண்டு அழுதவர். நான் என்ர கண்ணால பார்த்தனான். நீர் ஒருக்கா விட்டுக்குடும். பேந்து ஏதும் எண்டா நாங்கள் இருக்கிறம்தானே?"

அடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஊரிலிருந்து அம்மா ரெலிபோனில் அழுதார். நான் இளகிவிட்டேன். ஆனால் சும்மா திரும்பிப்போகப் பயம். இந்த உலகத்தில் என் புருஷன் பயந்தது ஒரே ஆளுக்குத்தான். அவரிடம் போனேன்.

"வேணாம் புள்ள" என்றார் ஆண்டகை. லொறிக்கு ஏற்றுகிற பெட்டிகளுக்குப் பிளாஸ்ரிக் சுற்றிக்கொண்டே சொன்னார். "அவன் மிருகம். மிருகத்தோட எழுத்தும் இல்ல, பேச்சும் இல்ல. நீ அங்கேயே இரி."

எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. "பஸ் முழுக்கத் தூதர் தூதர் எண்டு கதைக்கிறீங்க. பாப்பரசர் அனுப்பினாராம், கடல் கடந்து போனாராம். உங்களுக்கு ரெண்டு மாடி ஏறி எனக்காக ஒருக்கா அவனோட கதைக்க ஏலாதா?"

பிளாஸ்ரிக் சுருள் அவர் கையில் நின்றது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். அதுவரை ஒருவரும் அவரை எதற்கும் தூது அனுப்பியதில்லை.

மறுநாள் முகச்சவரம் செய்து, கறுப்புக் கோட்டுப் போட்டு என் புருஷனிடம் போயிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு கிழமை முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு அறிக்கை வரும். "அந்தத் தரப்பு ரெண்டாம் பிரிவை ஏத்துக்கொள்ளல்ல. குடியை நிப்பாட்ட ஏலாதாம், வீட்டுக்கு வெளிய குடிக்கிறானாம். நான் இடம் குடுக்கல்ல." கண் மினுங்கும். கைகளை உரசிக்கொள்வார். பதினாறு வருடம் தமையனுக்கு ஒரு சொல் கொடுக்காத மனிதர், என் புருஷனுக்கு நிறுத்தக்குறிகூடப் பார்த்துப் பார்த்து எழுதினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. எனக்காக ஒருவர் இவ்வளவு மினக்கெட்டது அதுதான் முதல் தரம்.

எங்கள் குசினி மேசையில் கையெழுத்து. நடுவில் வேதாகமம், பக்கத்தில் மெழுகுதிரி, றெஜினா அக்கா கொண்டுவந்த முறுக்கு. ஐந்து பிரிவுகள். ஒன்று, புருஷன் மனைவிமேல் கை வைக்கக்கூடாது. இரண்டு, வீட்டுக்குள் குடிக்கக்கூடாது. மூன்று, மனைவியின் ரெலிபோனையும் பஸ் அட்டையையும் பறிக்கக்கூடாது. நான்கு, மனைவி வீடு திரும்ப வேண்டும். ஐந்து, மீறல் ஏதும் நடந்தால், பொலிசுக்கோ வேறு எவருக்குமோ போகுமுன் தூதருக்கு அறிவிக்க வேண்டும். அவரே எழுதி, அவரே வாசித்து, மெழுகை உருக்கிச் சொட்டவிட்டு, ஒரு சட்டைப் பொத்தானால் முத்திரையும் குத்தினார். என் புருஷன் நல்லபிள்ளையாகக் கையெழுத்து வைத்தான். நானும் வைத்தேன். அந்த ஐந்தாம் பிரிவில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பொலிஸ் என்றாலே எங்கள் ஆட்களுக்குப் பயம், வீட்டு நாற்றம் வெளியே போகாது என்றுதான் எல்லாரும் தலையாட்டினோம்.

பதினொரு நாள் ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் நாள் கன்னத்தில் ஒன்று. கீழே போய்த் தூதருக்கு அறிவித்தேன். ஒரு கொப்பியைத் திறந்து 'மீறல் ஒன்று' என்று எழுதினார். மேலே வந்து பிரிவு ஒன்றை என் புருஷனுக்கு உரத்து வாசித்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அடுத்தது கஞ்சி. கொதிக்கிற சோற்றுக்கஞ்சியை என் காலில் ஊற்றினான். நொண்டிக்கொண்டு கீழே போனேன். ஆண்டகையின் முகம் கறுத்தது. "போதும், பொலிசுக்கு ரெலிபோன் அடிப்பம்" என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன். எனக்கு அவர் வாயிலிருந்து அது வர வேண்டியிருந்தது. அவர் கொப்பியைத் திறந்தார். "இன்னொரு சந்தர்ப்பம் குடுத்துப் பார்ப்பம் புள்ள. இவ்வளவு பாடுபட்டு எழுதின எழுத்து" என்றார். எந்தச் சமாதானத்தையும் மதிக்காத மனிதருக்குத் தான் எழுதிய சமாதானத்தை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறது.

மூன்றாவது, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம். பூசையால் வந்து சோறு வைத்துக்கொண்டிருந்தேன். என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. இடது கையைப் பிடித்து, முழங்கையை மேசை விளிம்பில் வைத்து, தன் முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினான். எலும்பு முறிந்த சத்தத்தில் அவனே ஒரு கணம் திடுக்கிட்டான். பிறகு வயிற்றில் உதைத்தான். ரெலிபோன் சுவரில், என் தலைக்கு நேரே இருந்தது. மூன்று இலக்கம் அழுத்தினால் போதும். நான் அழுத்தவில்லை. தூதருக்கு அறிவிக்க வேண்டும் என்று கையெழுத்து வைத்தவள் அல்லவா? படிகளில் குந்திக் குந்தி, சறுக்கிச் சறுக்கிக் கீழே போய், காலால் அவர் கதவை உதைத்தேன்.

கையில் பேனாவோடு கதவைத் திறந்தார். என் கையைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே அது இருக்கக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. பேனாவை மேசையில் வைத்தார். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த ஐஸ் இரும்பை எடுத்தார். நான் பின்னாலேயே ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்டால் தெரியாது.

என் புருஷன் சோறு போட்டுக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும், "இது புருஷன் பொஞ்சாதி..." என்று தொடங்கினான்.

"பிரிவு ஒண்டு!" என்று கத்தி முழங்காலில் அடித்தார். அவன் தட்டோடு விழுந்தான்.

"பிரிவு ரெண்டு!" தொடையில். "பிரிவு மூண்டு!" அதே தொடையில். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சுருண்டுகொண்டு என் பெயரைச் சொல்லிக் கத்தினான். "நிப்பாட்டச் சொல்லு, நிப்பாட்டச் சொல்லு!" நான் சொல்லவில்லை. "பிரிவு நாலு!" தோள்மூட்டில். "பிரிவு அஞ்சு!" என்றபோது ஆண்டகையின் குரல் உடைந்து அழுகையாகிவிட்டது. அது முழங்கையில் விழுந்தது.

ஐந்தோடு அவர் நின்றுவிட்டார். இரும்பைக் கீழே போட்டுவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். எனக்குப் போதவில்லை. நல்ல கையால் இரும்பை எடுத்தேன். பாரமாக இருந்தது. சுவரைப் பார்த்துக் கிடந்தவனின் தலையில், காதுக்கு மேலே, ஒரு அடி போட்டேன். ஆறாவது நான் அடித்தது. அவன் சத்தம் நின்றது. ஆண்டகை என் கையிலிருந்து இரும்பைப் பிடுங்கி, பிடியைத் தன் சட்டையால் துடைத்து, தன் கையில் வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அழைத்த பொலிஸ் வரும்வரை அப்படியே நின்றார்.

அவன் சாகவில்லை. இரண்டு வழக்குகள் போட்டார்கள். என் கைக்காக அவன்மேல் ஒன்று, அவன் உடம்புக்காக ஆண்டகைமேல் ஒன்று. வழக்கு முடியும்வரை அவன் எங்கள் கட்டடத்துப் பக்கம் வரக்கூடாது என்றார்கள், ஆண்டகையைப் பிணையில் விட்டார்கள். யார் அடித்தது என்று அவன் பார்க்கவில்லை, எல்லாம் அவர்தான் என்றே நினைத்தான். மாதங்கள் இழுபட்டபின் வக்கீல்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு வருடம் அமைதி காப்பேன் என்று இரண்டு ஆண்களும் நீதிமன்றத்தில் கையெழுத்து வைத்தால், இரண்டு வழக்கையும் கைவிடலாம். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. இருவரும் வைக்க வேண்டும், ஒருவர் மட்டும் முடியாது. என் புருஷன் உடனே சம்மதித்தான். கையெழுத்து வைப்பதில் அவனுக்கு என்ன கஷ்டம்?

ஆண்டகை முடியாது என்றார்.

எனக்கு உயிர் போனது. விசாரணை என்றால் நான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். கேட்பார்கள். ஆறாவது அடி வெளியே வரும். எனக்கு இந்த நாட்டு வதிவிடப் பத்திரம்கூட அப்போது கைக்கு வந்திருக்கவில்லை. கீழே ஓடினேன்.

"ஒரு கையெழுத்துத்தானே ஆண்டகை. வைங்க. எல்லாம் முடிஞ்சிடும்."

"முடியாது புள்ள. நான் வைச்சா அவனும் வைப்பான். அவன் ஒரு பிழையும் செய்யாதவன் எண்டு வெளிய போவான். மறுகா றெஜினா முறுக்கோட வருவா. நீ இளகுவாய்."

"உங்கட பெருமைக்கு என்னை எத்தினை தரம் பலி குடுப்பீங்க?" என்று கத்தினேன். "முதல் எழுதினீங்க, என்ட கை போச்சு. இப்ப எழுதமாட்டன் எண்டு நிக்கிறீங்க. நான் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுறதா?"

அவர் வழமையாக என்றால் எழும்பிக் கத்துவார். அன்று கட்டிலில் இருந்தபடி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு எழுதினது பெருமைதான்" என்றார். "உன்ட காலில கஞ்சி ஊத்தினபிறகும் கிழிக்காம விட்டதும் பெருமைதான். இது பெருமை இல்ல புள்ள. எனக்குப் பயமாக் கிடக்கு. அவன்ட கையெழுத்தை நான் ஒருக்காப் பார்த்திட்டன். நீ போய் உள்ளதைச் சொல்லு. என்னைப் பற்றிக் கேட்டா அஞ்சு எண்டு சொல்லு. அது உண்மைதானே?"

விசாரணை நடந்தது. மொழிபெயர்க்க ஒரு அம்மாவைப் பக்கத்தில் இருத்தினார்கள். முதல் நாள், என் புருஷனின் வழக்கு. அடுப்புத் தட்டு, கன்னம், கஞ்சி, கை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல வாய் நிற்கவில்லை. றெஜினா அக்கா பின் வாங்கில் இருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவனுக்கு எட்டு மாதம் மறியல், என் பக்கம் தலைகாட்டக்கூடாது என்று கட்டளை. எனக்கு அந்த வீட்டிலிருந்து நிரந்தர விடுதலை.

ஆண்டகையின் வழக்கு அடுத்த மாதம். அதே கூண்டு, அதே மொழிபெயர்ப்பு அம்மா.

"கீழே விழுந்த பிறகும் அவர் அடித்தாரா?"

"ஓம்."

"மொத்தம் எத்தனை அடி?"

"அஞ்சு."

அரச வழக்கறிஞர் வைத்தியசாலைக் கடிதத்தை எடுத்தார். முழங்கால், தொடையில் இரண்டு, தோள், முழங்கை, தலை. ஆறு காயம். நீதிபதி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். தலையில் விழுந்தது எப்படி என்று கேட்டார். மொழிபெயர்ப்பு அம்மா அதைத் தமிழில் சொன்னார். எனக்கு அது முதலே விளங்கிவிட்டது. நான் வாயைத் திறந்தேன்.

ஆண்டகை எழும்பிவிட்டார். அவருடைய வக்கீல் பெண் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. அந்த அரசவைப் பிரெஞ்சில், "மேன்மை தங்கிய ஐயா, அந்தப் பெண் அப்போது பாதி மயக்கத்தில் இருந்தாள். அவள் எண்ணியது பிழை. ஆறும் என்னுடையதே. தலையில் விழுந்ததும் என்னுடையதே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி திரும்பி, அது சரிதானா என்று என்னைக் கேட்டார்.

நான், "ஓம், நான் பிழையா எண்ணிட்டன்" என்றேன்.

அவருக்குப் பதினான்கு மாதம். வக்கீல் பெண் நடைபாதையில் என்னிடம் வந்தாள். வருத்தத்தோடு சொன்னாள். கைகால் அடி மட்டும் என்றால் தண்டனையை வீட்டிலிருந்தே கழிக்க விட்டிருப்பார்களாம். தலையில் விழுந்த அந்த ஒன்றுதான் அவரை உள்ளே அனுப்பியதாம்.

செயின்ட்-மிஷேலுக்கு வீடு மாறிய பிறகு, ஒரே ஒரு தரம் மறியலுக்குப் போய் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். உணவு பற்றி முறையிட்டார். பெரியவரின் புத்தகத்தை உள்ளே விடவில்லை என்றார். நான் அழத் தொடங்கியதும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இனி வராத புள்ள. நீ வந்தா அழுவாய். அழுதா வாய்தவறிச் சொல்லிப்போடுவாய்."

நான் பிறகு போகவில்லை. வெளியே வந்தபின் அவர் வேறு மாகாணத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன், தேடவுமில்லை. அவர் சொன்னபடியால்தான் போகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். பல வருடம் எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். இனி வராதே என்று அவர் சொன்னபோது, எனக்கு அப்பாடா என்று இருந்தது.